ஒன்றரை இன்ச்

சறுக்கினது கம்பிதான், கை இல்லை. இதை ஜெசிந்தா மனசுக்குள் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று இன்னும் கொஞ்சம் எரிச்சல் ஏறியது. அடியில் ஒற்றைக் கம்பியின் மேல் தன்னைவிட உயரமாக நிற்கிற, ராட்சச வயலின் மாதிரியான டபுள் பேஸை ஒரு கையால் கழுத்தில் பிடித்து நிறுத்திக்கொண்டு, மறு கையால் ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இந்த ரெக்கார்டிங்கை நடத்துகிற நிகிலேஷ் மைக்கில் சொன்னது இன்னும் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. “ஜெசி மேம், அந்த லாங் நோட்ல பிட்ச் இறங்குது. நடுவுல தக்குனு ஒரு சத்தம் வேற. நீங்க ஓகேதானே? எல்லாரும் இருபது நிமிஷம் பிரேக் எடுத்துக்கலாம். அப்புறம் ஒரே ஒரு டேக் பார்ப்போம். வரலேன்னா நான் அதை கீபோர்ட்ல போட்டுக்கிறேன், நீங்க ஸ்ட்ரெய்ன் பண்ணிக்காதீங்க.” ஸ்ட்ரெய்னாம்! என்ன கரிசனம், என்ன கரிசனம்! இவன் தொட்டிலில் கிடந்து கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்த காலத்தில் இவள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று ரெக்கார்டிங் தியேட்டருக்கு இந்த மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். அப்போதெல்லாம் யாரும் நீங்க ஓகேதானே என்று கேட்கவில்லை. லேட்டாக வந்தால் கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். அதில் ஒரு மரியாதை இருந்தது. இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலி போடுகிறார்கள். வயலின்காரர்கள் ஆறு பேரும் போண்டா வாசனை வந்த பக்கம் போனார்கள். போகும்போது ஒருத்தர்கூட இவள் பக்கம் திரும்பவில்லை. பார்த்துவிட்டு ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, இப்படிப் பார்க்காமல் போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இருபத்திநாலு பார். பாருக்கு நாலு தட்டு என்று இருபத்திநாலு பாருக்கு ஒரே ஸ்வரம், அடியிலிருந்து வருகிற ஜி, அதன் மேல்தான் மற்ற எல்லாரும் வந்து உட்காரப் போகிறார்கள். அதை அவள் ஆயிரம் தடவை வாசித்திருப்பாள். கழுத்தின் உச்சியில், புருவத்துக்குப் பக்கத்தில், தடித்த தந்தியைச் சுண்டுவிரலால் அழுத்தி, வலது கையால் வில்லை இழுக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. முதல் டேக்கில் பதினோராவது பாரில் பேஸ் மொத்தமாகக் கீழே இறங்கியது. வில்லின் அழுத்தம் தாங்காமல், சரக் என்று, கீழே அதைத் தாங்கி நிற்கிற கம்பி உள்ளே போனது. கை இருந்த இடத்திலேயே இருந்தது, தந்தி மட்டும் விரலுக்கு அடியில் நழுவிப் போனது. ஸ்வரம் இறங்காமல் என்ன செய்யும்? இரண்டாவது டேக்கில் கம்பியை மறுபடி இழுத்து, திருகாணியை நன்றாக முறுக்கினாள், அப்போதும் பதினான்காவது பாரில் இறங்கியது. மூன்றாவது டேக்கில் ஒன்பது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முதலில் தோன்றியது கம்பி என்பதே இல்லை. கடவுளே, விரல் விட்டுவிட்டதா என்பதுதான். அரை நொடி கழித்துத்தான் ஓஹோ, மரம்தான் இறங்கியது என்று புத்திக்குப் பட்டது. ஆனால் திருகாணியை முறுக்கியது யார்? அவள்தான். இடது கையால். மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒன்றரை மாதமாக அடுத்தவர் விரல் மாதிரி மரத்துப்போய்க் கிடக்கிற அந்த இடது கையால். காபி டம்ளரை நழுவவிட்ட கை. முழங்கையில் நரம்பு அழுந்துகிறது, மூன்று வாரம் வாசிக்கவே கூடாது, அப்புறமும் கையை ரொம்ப உயர்த்தக் கூடாது என்று டாக்டர் சொன்ன கை. ஒரு திருகாணியை முறுக்கவே அதற்குத் தெம்பு இல்லை என்றால் தடித்த தந்தியை இருபத்திநாலு பார் எப்படிப் பிடிக்கும்? கம்பிதான் என்று சொல்லிக்கொள்வதில் அதனால்தான் இவ்வளவு பிடிவாதம். கம்பி இல்லை என்றால் இன்றோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மூன்று வாரம் வீட்டில் இருந்தது யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்திருந்தாள். ஊருக்குப் போயிருக்கேன், கல்யாணம், அது இதுவென்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இங்கே ஒருத்தருக்குக் கை சரியில்லை என்று ஒரு சொல் கிளம்பிவிட்டால் போதும், அப்புறம் கை சரியானாலும் அந்தச் சொல் சரியாகாது. ஆனால் இந்த மனுஷன் இருக்கிறாரே, ஸ்தனிஸ்லாஸ், கட்டின புருஷன், ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவர், உண்மையைத் தவிர வேறு எதையும் பேசாத உத்தமர், தியேட்டரிலிருந்து போன் வந்தபோது இவள் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று தானே எடுத்து, “அவளுக்குக் கை முடியலை, விரல் மரத்துப் போச்சு” என்று டாக்டர் சீட்டைப் படிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டார். ஏங்க இப்படிச் சொன்னீங்க என்றால், “உள்ளதைத்தானே சொன்னேன்” என்கிறார். உள்ளதாம்! உள்ளதையெல்லாம் ஊருக்குச் சொல்லத்தான் இவரைக் கட்டிக்கொண்டு வந்தாளா? இன்று காலை உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக ஒருத்தி நாற்காலி கொண்டுவந்தாள். இன்னொருத்தன் கேட்காமலே பேஸை வண்டியிலிருந்து இறக்கினான். எத்தனை அன்பு! எல்லாருக்கும் ஒரே குரல், ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்கிறவர்களின் குரல். நான் செத்தா போயிட்டேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தேங்க்ஸ் சொன்னாள், அந்தச் சிரிப்பையும் நினைத்தால் இப்போது எரிச்சல்தான்.

பேஸைப் பக்கவாட்டில் கார்ப்பெட்டின் மேல் படுக்க வைத்து, முட்டி போட்டு அதன் அடியில் குனிந்தாள். அடிப்பாகத்தில் ஒரு கட்டை, அதன் நடுவே துளை, துளை வழியாக உள்ளே போய் வெளியே வருகிற இரும்புக் கம்பி, கம்பியை இறுக்கிப் பிடிக்க ஒரு பித்தளை வளையமும் திருகாணியும். மொத்த விஷயமே இவ்வளவுதான். இத்தனை பெரிய மரம், இத்தனை பெரிய சத்தம், எல்லாம் நிற்பது பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனான இந்த ஒரு கம்பியின் மேல். திருகாணியைத் தளர்த்தி, நின்று வாசிக்கிற உயரத்துக்குக் கம்பியை இழுத்து, முறுக்கினாள். இடது கையால் முறுக்கினாள், பிறகு வலது கையால் முறுக்கினாள், பிறகு முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து முறுக்கினாள். இனி ஒரு மயிரிழைகூட நகராது என்று தோன்றியது. காலையிலும் இப்படித்தான் தோன்றியது. “அக்கா, நான் வேணா டைட் பண்ணட்டுமா?” என்று பின்னால் குரல் கேட்டது. செல்லோ வாசிக்கிற வரதன், கையில் பேப்பர் கப்போடு நின்றான். பத்து வருஷமாகப் பக்கத்து நாற்காலி, நல்லவன்தான், தோள்பட்டை இரண்டும் மூட்டை தூக்குகிறவன் மாதிரி இருக்கும். அதையெல்லாம் இப்போது யார் கேட்டது? “ஏன், எனக்குக் கை இல்லையா?” என்றாள். அவன் முகம் சுருங்கியது. “இல்லக்கா, சும்மா கேட்டேன்…” சும்மா கேட்டானாம். ஆனால் அடுத்த நொடியே அவளுக்குள் வேறு ஒரு எண்ணம் ஓடியது. இவன் முறுக்கிப் பார்க்கட்டுமே. இவன் முறுக்கி நின்றுவிட்டால் குற்றம் என் கைமேல். இவன் முறுக்கியும் நழுவினால்? அதைக் கேட்க அவளுக்குப் பயமாகவும் இருந்தது, தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. “சரி, பண்ணு. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுப் பண்ணு” என்றாள்.

வரதன் கப்பைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து முறுக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. இதற்கு மேல் முறுக்கினால் திருகாணி கையோடு வந்துவிடும் என்றான். இருவரும் பேஸைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜெசிந்தா வில்லை எடுத்துத் தடித்த தந்தியில் வைத்து, உள்ளதையெல்லாம் போட்டு இழுத்தாள். நின்றது. இன்னொரு இழுப்பு. நின்றது. மாதாவே, நழுவட்டுமே, என்று வேண்டிக்கொண்டாள், ஒரு பேஸ்காரி தன் வாத்தியம் சறுக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும். நாலாவது இழுப்பில் சரக் என்று இறங்கியது. தக். “ஐயோ” என்றான் வரதன். “ஐயோ இல்லடா, அப்பாடா” என்றாள் அவள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, வரதனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கை இல்லை! கை இல்லவே இல்லை! காலையிலிருந்து இத்தனை பேரும் சேர்ந்து அவளை நோயாளியாக்கி, அவளே அதை நம்பி, தன் விரல்களைத் தானே சந்தேகப்பட்டு… யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபம் வந்தது. “பார்த்தியா? உன் கை முறுக்கியும் இறங்குது. போய் அந்த நிகிலேஷ்கிட்ட சொல்லு” என்றாள். “சொல்லிடலாம்க்கா, ஆனா சரி பண்ணணுமே. பதிமூணு நிமிஷம்தான் இருக்கு” என்றான் வரதன். அதுவும் உண்மைதான். குற்றம் கம்பியின் மேல் என்றாலும் கம்பி நிற்காவிட்டால் கீபோர்டுதான். அந்த ஜி-யை ஒரு பொத்தானை அமுக்கி வரவழைத்துவிடுவார்கள், அடுத்த ரெக்கார்டிங்குக்கு ஜெசி மேம் எதுக்கு, பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும் என்பார்கள். போகப்போவது ஒரு ஸ்வரம் இல்லை. இங்கே நிற்கிற இந்த மூன்றடி இடம்.

வில்லுக்குப் பூசுகிற ராசின் கட்டியில் ஒரு மூலையைச் சாவியால் சுரண்டிப் பொடியாக்கி, ஈரக் கைக்குட்டையால் கம்பியைத் துடைத்து, பொடியைத் தடவினாள். ராசின் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும், அவசரத்துக்கு எல்லாரும் செய்வதுதான். குனிந்திருந்தபோது தன் காலில் இருந்த கறுப்புச் செருப்பு கண்ணில் பட்டது. இந்தத் தியேட்டரில் எல்லாரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார்கள், எல்லாத் தியேட்டரிலும் அதுதான் வழக்கம். அவளுக்கு மட்டும் விதிவிலக்கு. தெருவை மிதிக்காத செருப்பு இது, பேஸ் உறையின் பக்கவாட்டுப் பையில் துணியில் சுற்றி இருக்கும், உள்ளே வந்து போட்டுக்கொண்டு, போகும்போது கழற்றி மறுபடி பையில் வைத்துவிடுவாள். இதுவரை ஏழு ஜோடி மாறியிருக்கும், குதிகால் உயரம் மட்டும் மாறவில்லை. முதல் நாள் ரெக்கார்டிங் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. இருபத்தைந்து வயசு. வாத்தியக் குழுவை நடத்தியவர் ஒரு பெரிய மனுஷர், இப்போது உயிரோடு இல்லை. அவர் இவளைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, பேஸ் தானா நிக்குது? பின்னாடி ஆளையே காணோம்?” என்றார். முப்பது ஆண்கள் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள்! அதுதான் இன்றைக்கு வரை ஆறவில்லை. அவர் சொன்னது போகட்டும், கூடச் சேர்ந்து சிரித்தாளே. மறுநாள் குதிகால் வைத்த செருப்போடு வந்து, பேஸை அதற்கு ஏற்றபடி உயர்த்தி, தந்தி படுக்கிற மேல்கட்டை புருவத்துக்கு நேராக நிற்கிற மாதிரி வைத்துக்கொண்டு வாசித்தாள். யாரும் அப்புறம் ஆளைக் காணோம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அதுதான் அவள் உயரம். முப்பத்தோரு வருஷம் ஒரே அளவு. கம்பியில் திருகாணி அழுத்தி அழுத்தி அந்த அளவுக்கு ஒரு குழியே விழுந்திருக்கிறது, பிறகு அவள் முறுக்கக்கூட வேண்டியதில்லை, திருகாணி தானாகவே அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உட்கார்ந்துகொள்ளும் என்றால், இன்று ஏன் உட்காரவில்லை? ஜெசிந்தாவின் கை ராசின் பொடியோடு அப்படியே நின்றது. காலையில் இருந்த படபடப்பில், நாற்காலி கொண்டுவந்தவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, புருவத்தை மட்டும் பார்த்து உயரம் வைத்தாள். குழியைத் தடவிப் பார்க்கவே இல்லை. பேஸை நிறுத்தி, வரதனை விலகச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே தன் பாரம் முழுவதையும் அதன் தோளில் போட்டு அமுக்கினாள். சரக். தக். இறங்கின இடத்தில் நின்றது. இன்னும் அமுக்கினாள். ம்ஹும், அசையவில்லை. வரதனையும் அமுக்கச் சொன்னாள். இரண்டு பேர் பாரத்துக்கும் அசையவில்லை. அந்தத் தக் என்பது என்ன? அது திருகாணி குழிக்குள் விழுகிற சத்தம்! காலையிலிருந்து ஐந்து தடவையும் அது ஒரே இடத்துக்கு இறங்கி ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. கம்பி சறுக்கவில்லை, தன் வீட்டைத் தேடிப் போயிருக்கிறது. ஆனால் குழி அந்த இடத்தில் எப்படி இருக்கும்? குழியில் நிற்கும்போது மேல்கட்டை புருவத்துக்கு நேராக அல்லவா இருக்க வேண்டும், இது கண்ணுக்குக் கீழே கிடக்கிறதே? குழி நடந்து போகுமா? இரும்பு சுருங்குமா? தான் வளர்ந்துவிட்டோமோ என்றுகூட ஒரு கிறுக்குத்தனமான எண்ணம் வந்து போனது. பேஸை மறுபடி படுக்க வைத்து, கம்பியின் நுனியில் இருந்த ரப்பர் குப்பியைப் பார்த்தாள். மெடிக்கல் ஷாப்பில் ஊன்றுகோலுக்கு விற்கிற ரப்பர். புதுசு. “பழசு தேஞ்சு போச்சு, மாத்திட்டேன்” என்று போன வாரம் ஸ்தனிஸ்லாஸ் சொன்னார், இவளும் அட, நமக்காக மெனக்கெட்டிருக்கிறாரே என்று தேங்க்ஸ்கூடச் சொன்னாள். ரப்பரைப் பிடுங்கினாள். உள்ளே கம்பியின் நுனி பளபளவென்று புது இரும்பாகச் சிரித்தது. முப்பத்தோரு வருஷத் துருவும் தேய்மானமும் எங்கே? ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழவென்று உருட்டி, பட்டறை வேலை, பார்த்தாலே தெரிந்தது. யார் வேலை என்றும் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, “கொஞ்சம் அசையாம நில்லு” என்றார். எதுக்கு என்றதற்கு, “ஒரு ஷெல்ஃப் போடணும், உனக்கு எட்டணும்ல” என்றார். அவளும் நின்றாள், கோயில் தூண் மாதிரி நின்றாள், தரையிலிருந்து புருவம் வரைக்கும் அளந்தார், புருவம் வரைக்கும் ஷெல்ஃப் எதுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டாளா? உண்மையைத் தவிர பேசாதவர் என்று நம்பியல்லவா நின்றாள்! போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். “என்னங்க, என் கம்பியை வெட்டினீங்களா?” “ஒன்றரை இன்ச்” என்றார், யாரோ அளவு கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. “யாரைக் கேட்டு வெட்டினீங்க?” “சொன்னா நீ விட்டிருப்பியா ஜெசி? கையை உயர்த்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல? அந்தக் கட்டை புருவத்துக்கு நேரா நிக்கணும்னு நீதானே எப்பவும் சொல்லுவ? குழியில வச்சு நிறுத்திப் பார்த்தேன். உன் புருவத்துக்கு மேல ஒன்றரை இன்ச் ஏறி நிக்குது. இத்தனை வருஷமா தப்பான உயரத்துல வாசிச்சிருக்க, அதான் கை போச்சு. அடியில ஒன்றரை இன்ச் எடுத்துட்டேன். இப்ப கரெக்டா இருக்கும். குழியிலேயே வை, ஒரு பிரச்சினையும் வராது.” தப்பான உயரமாம். முப்பத்தோரு வருஷமும் தப்பாம். “நான் செருப்பு போட்டுக்கிட்டு வாசிக்கிறேங்க” என்றாள். “செருப்பா? என்ன செருப்பு?” “குதிகால் வச்ச செருப்பு. முதல் நாள்லேர்ந்து. ஒன்றரை இன்ச்.” அவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும்! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம், ஆனால் அவர் கேட்டது நியாயம்தான், அதுதான் பொறுக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பியை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுத்தான் பயிற்சி செய்வாள். செருப்பு பையை விட்டு வெளியே வந்ததில்லை, அடுத்தவர் பையைத் திறக்கிற புத்தி அவருக்குக் கிடையாது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பட்டறையில் எல்லாம் குறியை வைத்துத்தான் நடக்கும், குறி எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருகாணி, இவள் குறியைப் பார்க்காமல் புருவத்தைப் பார்ப்பாள் என்று எந்த ஃபிட்டர் கனவு காண்பான்? கணக்கு ஒரு நூல்கூடத் தப்பவில்லை. ஆனால் அளந்தது யாரை? இஸ்திரி போடுகிறவளை. வெறுங்காலோடு வீட்டுத் தரையில் நிற்கிறவளை. இங்கே நிற்கிறவள் அதைவிட ஒன்றரை இன்ச் உயரம் என்பது வயலின்காரர்கள் ஆறு பேருக்கும் தெரியும், வாசல் வாட்ச்மேனுக்குத் தெரியும், போண்டா கொண்டுவருகிறவனுக்குத் தெரியும், கட்டின புருஷனுக்குத் தெரியாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இங்கே வந்திருந்தால் தெரிந்திருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை கூப்பிட்டாள். “வெளியாளை உள்ளே விடமாட்டாங்க” என்றார், ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அவளும் அப்புறம் கூப்பிடவில்லை. வீம்பு. கூப்பிடாமல் இருந்துவிட்டு வரவில்லை என்று கோபப்படுவது என்ன நியாயம் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, போடி, இது நியாயம் பேசுகிற நேரமா, என்று அதையும் அடக்கினாள்.

“அக்கா, மூணு நிமிஷம்” என்றான் வரதன். ராசினை நம்பி உயரத்தில் வைத்தால் நடுவில் இறங்கிவிடும், அது தெரிந்துவிட்டது. குழியில் வைத்தால் மலை மாதிரி நிற்கும், ஆனால் உயரம் தன்னுடையது இல்லை. குதிகாலோடு நின்றுகொண்டு அந்தத் தாழ்ந்த கழுத்தில் குனிந்து தேடினால் கை இடம் தப்பும், ஸ்வரம் தப்பும். ஜெசிந்தா ஒரு நிமிஷம் கண்ணாடியைப் பார்த்தாள். நிகிலேஷ் கீபோர்டின் மேலிருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், அவளுக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம். கம்பியைக் குழியில் வைத்து இறுக்கினாள். பேஸை நிறுத்தினாள். பிறகு வலது செருப்பைக் கழற்றினாள், இடது செருப்பைக் கழற்றினாள், இரண்டையும் காலால் ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினாள். கார்ப்பெட் பாதத்தில் சொரசொரவென்று பட்டது, முப்பத்தோரு வருஷமாக இந்தத் தியேட்டர் தரை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் இருந்திருக்கிறாள். மேல்கட்டை புருவத்துக்கு நேராக வந்து நின்றது. மனுஷன் ஒரு நூல்கூடத் தப்பவில்லை, கொள்ளையில் போக. வயலின்காரர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வரதன் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க இவ்வளவு குள்ளமா?” என்றான். யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அவள் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. “ஆமா, இவ்வளவுதான். உன் பார்ட்டைப் பாரு” என்றாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். “மேம், சேர் வேணுமா?” என்றது நிகிலேஷின் குரல். “வேணாம் தம்பி. கவுண்ட் குடுங்க.”

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சுண்டுவிரல் தந்தியில் இறங்கியது. பேஸ் நின்றது. முதல் பார், இரண்டாவது பார், வில் முனைக்குப் போய்த் திரும்பியது, யாருக்கும் கேட்காமல் திரும்பியது. இப்போது கம்பி இல்லை, இப்போது விட்டால் அது கைதான், சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. எட்டாவது பாரில் வயலின்கள் வந்து மேலே உட்கார்ந்தன. வெறும் பாதத்தில் கம்பியின் அதிர்வு தரை வழியாக ஏறியது. இது புதுசு. அவள் வாசிக்கிறது அவளுக்கே காலில் கேட்டது. பன்னிரண்டாவது பாரில் மோதிர விரலில் எறும்பு ஊர ஆரம்பித்தது. ஊரு, ஊரு. கையை உயர்த்தியது அதே உயரம்தானே, புருவம் எங்கே போனாலும் கை கூடவே போகும், இதை அந்த மனுஷனுக்கு யார் சொல்வது? ஒன்றரை இன்ச் வெட்டினால் மரம்தான் இறங்கும், வலி இறங்குமா? பதினெட்டு. சுண்டுவிரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. விரலை நம்பாமல் காதை நம்பினாள், ஸ்வரம் நிற்கிறது என்றால் விரலும் அங்கேதான் இருக்க வேண்டும். இருபது. இந்த வலி என்னுடையது, இந்த உயரம் என்னுடையது, வெட்டுவதோ வளர்ப்பதோ என்னைக் கேட்டுச் செய்யுங்கள். இருபத்திரண்டு. யாரும் பாவப்பட வேண்டாம், யாரும் மெதுவாகப் பேச வேண்டாம். இருபத்துமூன்று. இருபத்திநாலு. வில்லைத் தூக்கினாள். அறை முழுக்க அந்த ஜி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடங்கியது.

“ஓகே மேம். சூப்பர்” என்றான் நிகிலேஷ். “சூப்பர் எல்லாம் அப்புறம். அந்தக் கீபோர்டை மூடு” என்றாள் ஜெசிந்தா. வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள், அவள் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்து, யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள். உயிர் வர ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் கோபம் தணிந்துவிடும் என்று பார்த்தாள், தணியவில்லை, ஆனால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அதற்கு இடம் தெரிந்துவிட்டது. போனை எடுத்தாள். அவர் இந்தத் தடவையும் முதல் மணியிலேயே எடுத்தார், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போல. “ஜெசி, கம்பி நின்னுச்சா?” என்றார். “நின்னுச்சு. செருப்பைக் கழட்டிட்டு வாசிச்சேன்.” “நான் வேணா புதுக் கம்பி…” “வேணாம். இனிமே நான் கேட்காம ஒண்ணும் செய்யாதீங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு இங்க வரணும். டேப்பை எடுத்துட்டு வாங்க. வெட்டின துண்டையும் எடுத்துட்டு வாங்க. நான் செருப்பு போட்டுக்கிட்டு பேஸோட நிப்பேன், அளந்து பாருங்க.” அந்தப் பக்கம் அவர் தொண்டையைக் கனைத்தார். “வரேன். ஆனா… வெளியாளை உள்ளே விடமாட்டாங்களேம்மா?” “முப்பது வருஷமா நீங்க ஒரு நாள்கூட வந்து கேட்டுப் பார்க்கலையேங்க” என்றாள். “நாளைக்கு வந்து கேளுங்க.”